குறி எங்கே தவறுகிறது?

நாட்டுத் துப்பாக்கியைப் பார்க்காதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. நரிக்குறவர் தோளில் பார்த்திருப்போம். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் வீட்டுப் பரணிலேயே பார்த்திருப்பார்கள். குழல்வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, அதன்மேல் ரவையைப் போட்டு, மறுபடியும் நார் வைத்துக் கெட்டிப்பார்கள். பின்னால் கேப்பு வைத்து விசையை இழுத்தால் குதிரை வந்து தட்டும், வெடிக்கும். கொக்கு விழுந்தால் கெட்டித்தவர் கெட்டிக்காரர். விழாவிட்டால் துப்பாக்கி சரியில்லை!

இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் அல்ல, துப்பாக்கி இருக்கிற எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் குறி தவறியதற்குக் காரணம் துப்பாக்கியா, சுட்டவனா, கெட்டித்த முறையா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் சிலர் நாற்பது ஆண்டுக்காலம் விடாமல் உழைத்தார்கள். அவர்கள் பட்டாளத்துக்காரர்கள் அல்ல. கடைக்காரர், மெக்கானிக், டாக்டர் என்று நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா போடக்கூடிய ஒற்றைவெடி ரைஃபிள். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

முதலில் இரண்டொரு விளக்கம். ரைஃபிள் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்காது. திருகாணியின் மரை போல, ஆனால் மிக நீண்ட சுற்றாக, வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஈயக்குண்டு அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும். பம்பரம் சுழலும்வரை சாயாது அல்லவா, அதே கணக்குதான். தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் சிறு கேப்பு, உள்ளே மருந்து, வாயில் ஈயக்குண்டு. வெடித்த பிறகு பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்து, மருந்தும் குண்டும் போட்டால் மறுபடியும் தோட்டா தயார். இப்படித் தானே நிரப்பிக்கொள்வதைத்தான் கைநிரப்பு என்கிறேன்.

கடையில் பெட்டி பெட்டியாகத் தோட்டா விற்கும்போது எதற்கு இந்தப் பாடு? ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான். கம்பெனித் தோட்டா எல்லார் துப்பாக்கியிலும் நுழைய வேண்டும், ஆகவே சற்றுத் தளர்வாகவே இருக்கும். ஆனால் ஒரே பட்டறையில் ஒரே ஆள் செய்த இரண்டு குழல்கள்கூட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வேறுபடும். தன் குழலுக்கு எந்தக் குண்டு, எத்தனை மருந்து என்று கண்டுபிடித்துத் தானே நிரப்புகிறவனுக்குத்தான் அந்தக் குழல் முழுதாக வசப்படும்.

இதை ஊரறியச் செய்தது 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், கிரீட்மோர் மைதானத்தில் நடந்த போட்டி. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று எல்கோ கேடயத்தைத் தட்டிச் சென்ற அயர்லாந்து அணி, அமெரிக்கர்களுக்குச் சவால் விட்டிருந்தது. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கஜத் தூரங்களில் ஆளுக்குப் பதினைந்து வெடி. அயர்லாந்துக்காரர்கள் கையில் ஜான் ரிக்பி செய்த, குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் ரைஃபிள். அமெரிக்கர்கள் கையில் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைஃபிள்கள். பின்பக்கத் துப்பாக்கி வேகத்துக்கு உதவும், குறிக்கு உதவாது என்பதுதான் அன்றைய பெரியவர்களின் கருத்து.

ஆயிரம் கஜம் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கருமருந்துக் குண்டு அந்தத் தூரம் போய்ச் சேர மூன்று விநாடி அளவு ஆகும். அதற்குள் பூமி அதை நாற்பது மீட்டர் அளவுக்குக் கீழே இழுத்துவிடும். அதைக் கணக்கிட்டுத்தான் குழலை உயர்த்திப் பிடிக்கிறார்கள். இப்போது ஒரு குண்டின் வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும்? அந்தக் குண்டு முக்கால் மீட்டர் கீழே போய் விழும். அன்றைய இலக்கின் நடுக்கட்டமோ மூன்றடிச் சதுரம். நடுவைப் பார்த்துச் சுட்ட குண்டு அதைவிட்டு வெளியே போய்விடும். கை நடுங்கவில்லை, கண் தவறவில்லை, காற்றும் வீசவில்லை. மருந்து கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான்.

போட்டி கடைசி வெடி வரை இழுத்துக்கொண்டு போனது. அயர்லாந்து 931, அமெரிக்கா 930. ஜான் போடின் ஒருவருக்குத்தான் பாக்கி இருந்தது. இஞ்சி பீர் பாட்டில் உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார். நடுக்கட்டம், நான்கு புள்ளி. 934-க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. அயர்லாந்தின் மில்னர் 900 கஜத்தில் தவறிப்போய்ப் பக்கத்து இலக்கின் நடுவில் சுட்டுவிட்டார். அதற்குப் புள்ளி கிடையாது. அது மட்டும் சரியான இலக்கில் பட்டிருந்தால் கதை மாறியிருக்கும்.

பின்பக்கத் துப்பாக்கி வென்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 180-க்கு 171 எடுத்து அன்று முதலிடம் பெற்றவர் அமெரிக்க அணியின் ஹென்றி ஃபுல்டன். அவர் கையில் இருந்தது பின்பக்கம் திறக்கும் ரெமிங்டன்தான். ஆனால் குண்டை அவர் குழல்வாய் வழியாகவே இறக்கினார். மருந்துக் கூட்டை மட்டும் பின்பக்கம் வைத்தார். புதுத் துப்பாக்கி, பழைய வழி. ஏன் அப்படிச் செய்தால் குறி நன்றாக விழுகிறது என்ற கேள்வி அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஓடியது.

அந்தக் கேள்வியைத் தூக்கிச் சுமந்தவர்கள் ஷூட்ஸன் சங்கத்துக்காரர்கள். ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் தங்கள் ஊர்த் திருவிழா வழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போய், பாட்டும் பீரும் விருந்துமாக இருந்துகொண்டே குறி பார்த்துச் சுடுவார்கள். 200 கஜம், நின்றுகொண்டு, எதன்மீதும் சாயாமல். ஆறேழு கிலோ எடையுள்ள ரைஃபிளைக் கையில் தாங்கிச் சுட வேண்டும். இலக்கில் 25 வளையம். நடு வளையத்தின் விட்டம் ஒன்றரை அங்குலம்தான்.

ஒருவன் வருஷக்கணக்காகப் பழகி, மூச்சை அடக்கி, உடம்பை அடக்கி நின்று சுடுகிறான். துப்பாக்கியைக் கல்லில் கட்டி வைத்துச் சுட்டாலே நான்கு அங்குலத்துக்குச் சிதறுகிற தோட்டாவை அவன் கையில் கொடுத்தால், அவன் பயிற்சி எல்லாம் வீண்தானே? நன்றாகச் சுட்டதற்குத் தண்டனையும் மோசமாகச் சுட்டதற்குப் பரிசும் கிடைக்கலாம். அவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆகவே சுடும் இடத்துக்குப் பின்னாலேயே பலகை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். நாள் முழுவதும் ஒரே ஒரு பித்தளைக் கூடு! நூறு வெடி சுட்டாலும் அதே கூடுதான். இரண்டு கூடு இருந்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்காது என்ற சந்தேகம். கூட்டின் விளிம்பில் ஓர் அடையாளம் வெட்டி, ஒவ்வொரு முறையும் அது ஒரே பக்கம் பார்க்கும்படி வைப்பவர்களும் உண்டு. மருந்தைக் கைப்பிடி வைத்த அளவைக் கருவியால் அளந்து போடுவார்கள். இதை நம் வீட்டுப் பெண்களிடம் விளக்கவே தேவையில்லை. படியைத் தட்டித் தட்டி அளந்தால் ஓர் அளவு, தளர்வாக அள்ளினால் வேறு அளவு. மருந்தும் அப்படியே. கைப்பிடியை ஒரே வேகத்தில், ஒரே மாதிரி திருப்ப வேண்டும்.

குண்டும் சொந்தத் தயாரிப்புதான். ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்து, உருக்கி, அச்சில் ஊற்றுவார்கள். ஆறிய குண்டை விரலில் உருட்டிப் பார்ப்பார்கள். விளிம்பு மழுங்கியதும் சுருக்கம் விழுந்ததும் மறுபடியும் உருக்குச் சட்டிக்குப் போகும். எடை போட்டுத் தரம் பிரிப்பார்கள். எடைக்கு அவர்கள் கணக்கு கிரெயின். நம் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி ஒரு கிரெயின். அவர்களுக்குப் பிடித்த தோட்டா ஒன்றின் பெயரே .32-40. குழல் விட்டம் அங்குலத்தில் நூற்றுக்கு 32 பங்கு, கருமருந்து 40 கிரெயின் என்று பொருள்.

இவர்களில் பெரிய கைக்காரர் ஹாரி போப். 1861-ல் பிறந்தவர். கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே குழல் செய்யக் கற்றவர். குழலுக்குள் எட்டு வரிப்பள்ளங்கள், ஒவ்வொன்றாகக் கையாலேயே வெட்டுவார். ஒவ்வொரு குழலோடும் அதற்கென்றே செய்த குண்டு அச்சையும் 'பொய்வாய்' ஒன்றையும் கொடுப்பார்.

பொய்வாய் என்பது குழலின் முன்துண்டைக் கொஞ்சம் வெட்டியெடுத்து, குழலோடு சேர்த்தே வரி வெட்டிச் செய்வது. சுடுவதற்கு முன் குழல்வாயில் பொருத்தினால் வரிகள் மயிரிழை தவறாமல் ஒன்றுசேரும். அதன் வழியாகக் குண்டை அடிப்பாகம் முன்னே போகும்படி அழுத்தி, கம்பியால் கடைசி வரை இறக்கிவிட்டுப் பொய்வாயைக் கழற்றிவிடுவார்கள். பிறகு மருந்துக் கூட்டைப் பின்பக்கம் வைத்துச் சுடுவார்கள். 1840-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஆல்வன் கிளார்க். பின்னாளில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி வில்லைகளைத் தேய்த்துக் கொடுத்த அதே கிளார்க் குடும்பத்துப் பெரியவர்தான். நட்சத்திரம் பார்க்கிற கண்ணாடிக்கும் குறி பார்க்கிற குழலுக்கும் வேண்டியது ஒரே பொறுமை போலிருக்கிறது.

இவ்வளவு சுற்று எதற்கு? வரிப்பள்ளம் ஈயத்தில் பதியும்போது கொஞ்சம் ஈயம் பின்னுக்கு இழுபடும். பின்பக்கம் இருந்து குண்டு நுழைந்தால் அந்தப் பிசிறு குண்டின் அடிவிளிம்பில் போய் நிற்கும். ஒவ்வொரு குண்டிலும் ஒவ்வொரு விதமாக நிற்கும். வாய் வழியாக இறக்கினால் பிசிறு நுனிப் பக்கம் போய்விடும். அடிவிளிம்பு கூர்மையாக, முழு வட்டமாக இருக்கும். ஃபுல்டன் பெற்ற வெற்றியின் சூட்சுமம் இதுதான் என்று போப் நம்பினார்.

பலன் எப்படி? கொலராடோ மாநிலம் போல்டர் ஊரைச் சேர்ந்த சார்ல்ஸ் ரோலண்ட், போப் செய்த .32-40 குழலை மேசையில் தாங்கு வைத்து 1901-ல் 200 கஜத்தில் பத்து வெடி சுட்டார். பத்து குண்டுகளின் மையங்களும் 0.725 அங்குலத்துக்குள் அடங்கின. இன்றைய பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் பத்து ஓட்டையும் மறைந்துவிடும். ஈயக்குண்டில் அதை மிஞ்ச நெடுங்காலம் ஆயிற்று.

இனி டாக்டர் ஃபிராங்க்ளின் மான். மாசசூசெட்ஸ் மாநிலம் மில்ஃபோர்டுக்காரர். மருத்துவம் படித்தும் அதை விட்டுவிட்டு, கோழித் தீவனத்துக்காகப் பச்சை எலும்பை நறுக்கும் இயந்திரம் செய்து விற்றுப் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தையும் ஓய்வு நேரத்தையும் குண்டு ஏன் குறி தவறுகிறது என்ற ஒரே கேள்விக்குக் கொட்டினார்.

சுடுகிற மனிதனை முதலில் அப்புறப்படுத்தினார். அசையாத கான்கிரீட் மேடை கட்டி, அதற்கு 'ஜிப்ரால்டர்' என்று பெயர் வைத்தார். அதன்மேல் ஆங்கில 'வி' எழுத்து வடிவத்தில் தாங்கு அமைத்து, குழலை அதில் படுக்க வைத்துச் சுட்டார். குண்டு போகும் வழியில் அடுத்தடுத்து மெல்லிய காகிதத் திரைகள். எந்தத் திரையில் எங்கே துளை விழுகிறது, துளை வட்டமா நீளமா என்று பார்த்தால் குண்டு எப்படிச் சாய்ந்து சாய்ந்து போகிறது என்பது தெரிந்துவிடும்.

பிறகு வேண்டுமென்றே குண்டைக் கெடுத்தார். சிலவற்றின் நுனியைச் சிதைத்தார். சிலவற்றின் அடிவிளிம்பில் சிறு வெட்டுப் போட்டார். நுனி சிதைந்த குண்டுகள், பார்க்கவே சகிக்காத நிலையிலும், அவ்வளவாக வழி தவறவில்லை. அடிவிளிம்பு கெட்டவையோ எங்கெங்கோ போய் விழுந்தன. காரணம் எளிது. குழலைவிட்டுக் கடைசியாக வெளியே வருவது அடிப்பாகம். அந்தக் கணத்தில் பின்னால் அடைபட்டிருந்த புகை பீறிட்டு வருகிறது. அடிவிளிம்பு முழு வட்டமாக இருந்தால் புகை எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் விலகும். ஒரு பக்கம் பழுது என்றால் அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டை மறுபக்கம் சாய்த்துவிடும்.

பல ஆண்டுப் பரிசோதனைகளை 1909-ல் அவர் பெரிய புத்தகமாக வெளியிட்டார். அதில் அவர் வந்துசேர்ந்த முடிவு, நல்ல குழலைக் குறைசொல்லிப் பயனில்லை, தவறு பெரும்பாலும் குண்டில்தான் என்பது. குண்டு ஒரு பக்கம் கனத்திருந்தாலோ அடி சரியில்லாமல் இருந்தாலோ எந்தக் குழலாலும் அதைக் காப்பாற்ற முடியாது. எத்தனையோ கொல்லர்கள் மீதும் எத்தனையோ துப்பாக்கிகள் மீதும் சுமத்தப்பட்ட பழி அந்தப் புத்தகத்தோடு நீங்கியது. மானுக்குக் குழல் செய்து கொடுத்து, பரிசோதனைகளில் தோள் கொடுத்தவர்களில் போப்பும் ஒருவர்.

இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் மைக்ரோமீட்டர் பிடித்தே வேலைக் காலத்தைக் கழித்தவன் என்பதால், மான் செய்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு பொருள் சரியில்லை என்றால் நம் கண் முதலில் போவது பளபளக்கும் முகப்புக்கு. நுனியைத்தான் எல்லாரும் தடவிப் பார்க்கிறோம். மான் அதை நம்பவில்லை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, சுட்டுப் பார்த்தார். எது கெட்டால் பாதகமில்லை, எது கெட்டால் எல்லாம் கெட்டது என்று பிரித்துக் காட்டினார். பலகையில் உட்கார்ந்து ஒரே கூட்டை மறுபடி மறுபடி நிரப்பிய ஷூட்ஸன்காரர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். எல்லாம் ஒன்றுபோல இருந்தால்தான், மாறிய ஒன்று கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் உலகம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. புகையில்லா மருந்து வந்துவிட்டது. நம் நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை வந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த மருந்தின் வேகத்துக்கு வெறும் ஈயக்குண்டு தாங்காது. அதற்கு உலோகச் சட்டை போட்ட குண்டு வேண்டும். ராணுவங்களுக்கு வேண்டியது அடுத்தடுத்துப் பல தோட்டா சுடும் துப்பாக்கி. அதன்பின் முதல் உலகப் போர். ஜெர்மானியப் பெயர் என்றாலே அமெரிக்காவில் முகம் சுளிக்கும் காலம் ஆயிற்று. ஷூட்ஸன் சங்கங்கள் தேய்ந்தன, பூங்காக்கள் மனைகளாயின.

அவர்கள் கண்டுபிடித்தது மட்டும் அழியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மேசையில் தாங்கு வைத்துச் சுடும் 'பெஞ்ச்ரெஸ்ட்' என்ற போட்டி அங்கே வளர்ந்தது. அதில் இறங்குகிறவர்கள் இன்றும் சுடும் இடத்திலேயே பலகை போட்டு, சில கூடுகளையே திரும்பத் திரும்ப நிரப்பி, பெரும்பாலும் ஒற்றைவெடி ரைஃபிளால்தான் சுடுகிறார்கள். குண்டின் அடிப்பாகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

போப்பின் கதையைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. 1906-ல் அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ப் புதிதாகப் பட்டறை போட்டார். சில நாள்தான். ஏப்ரல் 18 அதிகாலையில் பூகம்பம், தொடர்ந்து ஊரையே எரித்த தீ. அவருடைய கருவிகள் போயின. நாற்பத்தைந்து வயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில், ஒரு கட்டடத்தின் மாடியில், கால் வைக்க இடமில்லாமல் சாமான் குவிந்த பட்டறையில் எண்பது வயது தாண்டியும் குழல் வெட்டிக்கொண்டிருந்தார். நாடெங்கும் இருந்து குழல்கள் வந்து குவியும். கேட்டவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என்று முடியும் என்ற வாக்குறுதி கிடையாது, முடிந்தபோது வாங்கிக்கொள்ளலாம், அவசரமானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே எழுதி மாட்டியிருந்தார். அதைப் படித்த பிறகும் குழலை விட்டுவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். 1950-ல் தம் எண்பத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார். அவர் முத்திரை குத்திய குழல்களில் சில இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் 200 கஜத்தில் சுட்டுக்கொண்டிருக்கின்றன.